சத்தத்தை எடுத்துவிட்ட படம்

பிரபு,

நலமா என்று கேட்டுத் தொடங்க எனக்கு மனமில்லை. கல்யாணமாகி ஒன்றரை மாதம்தான் ஆகிறது, நலமாகத்தான் இருப்பாய். போன வியாழக்கிழமை நீ போனில் கேட்டதற்கான பதில் இது. "அப்பா, அம்மா ஆஸ்பத்திரில இருந்தப்போ உங்க போன்ல எடுத்த வீடியோ எல்லாம் இருக்கில்ல, அத குடுங்கப்பா. எதுவும் பண்ணாம அப்படியே குடுங்க, சவுண்டோட" என்றாய். பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். 'சவுண்டோட' என்பதை நீ தெரிந்தேதான் சேர்த்தாய். அந்த முப்பத்தொரு வீடியோவும் என்னிடம் மட்டும்தான் இருக்கின்றன. கொடுப்பதா, வேண்டாமா என்று ஆறு நாளாக யோசிக்கிறேன். முடிவைச் சொல்லும் முன், நீ எனக்குச் செய்ததை எழுதியாக வேண்டும். நேரில் பேசினால் நான் கத்துவேன், நீ 'சரிப்பா' என்பாய். உன் 'சரிப்பா'வை நான் இனி நம்புவதாக இல்லை.

படம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பொங்கல் முடிந்து ஒரு வாரத்தில் நீயே வந்து கேட்டாய். ரிசப்ஷனில் எல்.இ.டி. திரையில் பத்து நிமிடம் ஓட வேண்டும், நீ பிறந்ததிலிருந்து நிச்சயதார்த்தம் வரை, ஸ்டுடியோவில் கொடுத்தால் இதயம் பறக்கிற மாதிரி ஏதாவது செய்து வைப்பார்கள், "நீங்களே பண்ணுங்கப்பா, உங்களுக்குத்தான் எல்லாம் தெரியும்" என்றாய். உன் அம்மா போன இந்த மூன்று வருடத்தில் என்னை நம்பி ஒருவர் ஒரு வேலையைக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. ஒரகடத்தில் ஆறு நாளும் மற்றவர்கள் செய்த பொருளில் குறை கண்டுபிடிக்கிற வேலை எனக்கு. ஏழாவது நாள் உன் படத்துக்காக உட்கார்ந்தேன். சாஃப்ட்வேரை நானே பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். இம்போர்ட் என்ற பட்டனை அழுத்தினால் எல்லாம் உள்ளே வந்து வரிசையாக நின்றுவிடும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆல்பத்தில் ஒட்டியிருந்த போட்டோக்களை ஒவ்வொன்றாகப் பிய்த்து ஸ்கேன் செய்து ஏற்றினால், ஸ்கேன் செய்த தேதியைத்தான் அது எடுத்த தேதியாக எடுத்துக்கொள்கிறது. அதன் கணக்குப்படி நீ நிச்சயதார்த்தம் முடிந்து நான்கு மாதம் கழித்துப் பிறந்தாய். உனக்கு மொட்டையடித்த போட்டோ போன மாதத்தில் நின்றது. போனில் நிமிர்த்திப் பிடித்து எடுத்த வீடியோக்கள் படுத்துக்கொண்டன. பழைய சி.டி.க்களில் பாதி படிக்கவே இல்லை. துடைத்து, திருப்பிப் போட்டு, ஆபீஸில் இருந்த வேறொரு டிரைவில் வைத்து ஒவ்வொன்றாக மீட்டேன். எழுநூற்றுச் சொச்சம் போட்டோவுக்கும் வீடியோவுக்கும் உண்மையான தேதியை நினைவிலிருந்து தேடி எடுத்து, கம்பெனியில் சரக்குக்கு லாட் நம்பர் போடுவதுபோல வருடம், மாதம், வரிசை எண் என்று பெயர் கொடுத்தேன். நீ முதலில் நடந்தது கார்த்திகையிலா மார்கழியிலா என்று ஒரு காலை முழுவதும் யோசித்திருக்கிறேன். கேட்பதற்கு உன் அம்மா இல்லை.

இனி உன் சித்தப்பா விஷயம். நீ சொல்லாமல் செய்ததற்கு அவன்தான் காரணம் என்பதால் அதையும் எழுதுகிறேன். நம் வீட்டில் அந்தக் காலத்தில் வீடியோ கேமரா வைத்திருந்தவன் அவன் ஒருவன்தான். உன் எட்டு வயது வரைக்கும் எடுத்த அத்தனையும் அவன் எடுத்தது. டேப்புகளை அவன் வைத்துக்கொண்டு, சி.டி. போட்டு நமக்குக் கொடுப்பான். பதினோரு வருடத்துக்கு முன்பு, இருங்காட்டுக்கோட்டையில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே கம்பெனியில் இருந்தபோது, சரக்கு திரும்பி வந்ததற்காக நடந்த விசாரணையில் உட்கார்ந்து தன் அண்ணனுக்கு எதிராக வாக்குமூலம் கொடுத்தான். "உங்க அண்ணன் அந்தப் பீஸை அளந்து பார்த்தாரா?" என்று கேட்டதற்கு, "இல்ல சார், அளக்கல" என்றான். என்னைத் தரப் பிரிவிலிருந்து ஸ்டோருக்கு மாற்றினார்கள். நான் இன்ஸ்பெக்ஷன் கற்றுக்கொடுத்த பையன்களுக்கு முன்னால் கையுறை எண்ணிக் கொடுத்துக்கொண்டு நின்றேன். ஐந்து மாதம் தாங்கினேன், பிறகு வேலையை விட்டேன். அன்றிலிருந்து அவனோடு நான் பேசவில்லை. இது உனக்குப் பதினாறு வயதிலிருந்தே தெரியும்.

கம்பெனியில் தேறாத சரக்கைப் போட ஒரு சிவப்புத் தொட்டி வைத்திருப்போம். என்.ஜி. தொட்டி என்போம், நாட் குட். கம்ப்யூட்டரிலும் அப்படி ஒரு ஃபோல்டர் வைத்தேன். அவன் இருந்த போட்டோ எல்லாம் அதில் போனது. உன்னைத் தனியாகக் காட்ட வேண்டிய இடங்களில் அவனை வெட்டினேன். குன்றத்தூர் மலைப்படியில் உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்கிறான். எப்படி வெட்டினாலும் உன் முட்டியைப் பிடித்திருக்கும் கை மட்டும் வந்தது. அதையும் என்.ஜி.யில் போட்டேன். வீடியோவில் அவன் முகம் இல்லை, கேமராவுக்குப் பின்னால் நிற்கிறவன்தானே. ஆனால் குரல் இருந்தது. ஒவ்வொரு வீடியோவிலும் அவன் பேசிக்கொண்டே எடுத்திருக்கிறான், சிரிக்கிறான், உன்னைக் கூப்பிடுகிறான். ஒவ்வொன்றாக எடுப்பது பெரிய வேலை. எல்லாவற்றையும் சேர்த்துத் தேர்வு செய்து ஒலியை மொத்தமாக நீக்கிவிட்டு மேலே ஒரு வீணை இசையைப் போட்டேன். ஒரே நிமிட வேலை. படம் சுத்தமாக இருந்தது. சேமித்து முடித்ததும் என்.ஜி. ஃபோல்டரை அழித்தேன்.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது உனக்குப் போட்டுக் காட்டினேன். மணிமங்கலம் வீட்டில், நம் ஹாலில், நீ தரையில் உட்கார்ந்து கட்டிலில் சாய்ந்துகொண்டு பார்த்தாய். முடிந்ததும், "அம்மா பேசறது எங்கயும் வரலையேப்பா" என்றாய்.

"பின்னாடி கண்டவனும் பேசறது கேக்குதுடா. அதான் எடுத்துட்டேன்."

"ஓ."

"ஏன், இன்னா?"

"ஒன்னுல்லப்பா. நல்லா இருக்குப்பா."

எழுந்து போய் செருப்பை மாட்டிக்கொண்டாய். அந்த 'நல்லா இருக்குப்பா'வை ஒரு மாதம் நான் சுமந்துகொண்டு திரிந்தேன், பிரபு. என்னோடு வேலை செய்கிறவர்கள் அத்தனை பேரிடமும் சொன்னேன். கேன்டீனில் எனக்குப் பக்கத்தில் உட்காரும் சாமுவேல்கூட, "தினம் இந்தப் படக் கதைய கேட்டுக்கினே சாப்புட்றதுக்கு, ஒரு நாளு டிக்கெட்டு குடுங்க சார், வந்து பாத்துட்றோம்" என்று கிண்டல் செய்தார். அவரையும் குடும்பத்தோடு கூப்பிட்டேன். வந்தார். முன் வரிசையில் எனக்கு நாலு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தார்.

ரிசப்ஷன் அன்று ஆறு மணிக்கெல்லாம் பென் டிரைவை எல்.இ.டி. ஆளிடம் கொடுத்துவிட்டுத்தான் சட்டை மாற்றப் போனேன். ஏழரைக்கு விளக்கைக் குறைத்தார்கள். என் படம் ஸ்கேன் செய்த ஒரு போட்டோவில் தொடங்கும், ஆஸ்பத்திரி துணியில் சுற்றிய நீ. திரையில் வந்தது அது இல்லை. பின்கட்டில் உன் அம்மா துணி உலர்த்துகிறாள், திரும்பிப் பார்க்கிறாள், மண்டபத்தின் அத்தனை ஸ்பீக்கரிலும் அவள் குரல்: "தம்பி, இன்னாத்துக்கு இப்ப எடுக்கற, தலகூட வாரல நானு." அதற்குப் பதிலாக உன் சித்தப்பா குரல்: "நீங்க சும்மா நில்லுங்க அண்ணி, நான் பின்னாடி கீற கோழியத்தான் எடுக்கறேன்." மண்டபமே சிரித்தது. அவளும் திரையில் சிரித்தாள். நமக்குக் கொடுத்த சி.டி.க்களில் இல்லாத வீடியோ, மூன்று வருடமாக நான் கேட்காத சிரிப்பு. அதை நான் கேட்கும்போது என்னைச் சுற்றி நானூறு பேர் இருந்தார்கள், என் முகம் என் வசத்தில் இல்லை.

பக்கத்தில் உன் தாய்மாமா. உன் அம்மாவின் இடத்துக்கும் என் இடத்துக்கும் சேர்த்து மறுநாள் காலையில் மணையில் உட்காரப் போகிறவர். மனைவியை இழந்தவன் உட்காரக் கூடாது என்று அதையும் என்னிடமிருந்து எடுத்து அவருக்குக் கொடுத்திருந்தீர்கள். அவர் என் பக்கம் சாய்ந்து, "யாரு கொரலு மாப்ள இது, நம்ம சின்னவரு மாதிரி கீது" என்றார்.

"தெரியல."

"தெரியலயா. பதினோரு வருசம் பேசலன்னா காதுகூட மறந்துடுமா இன்னா."

எழுந்து எல்.இ.டி. ஆளிடம் போனேன். பென் டிரைவ் அவர் மேஜையில் நான் வைத்த இடத்திலேயே இருந்தது. "மாப்பிள்ளையே முந்தாநாள் வேற படம் அனுப்பிட்டாரு சார். இது வந்தா வாங்கி வெச்சுக்கோங்க, போட வேணாம்னாரு" என்றார். வாங்கி வெச்சுக்கோங்க. என்னைச் சமாளிக்க வேண்டிய ஆளாக வைத்து, அதற்கும் ஒருவரை ஏற்பாடு செய்திருக்கிறாய். மேடையில் நீ ஷாலினி பக்கத்தில் நின்றுகொண்டு நான் அங்கே போனதையும் திரும்பியதையும் பார்த்தாய். நானும் உன்னைப் பார்த்தேன். யாரோ கிஃப்ட் கொடுக்க வந்தார்கள், நீ அந்தப் பக்கம் திரும்பிவிட்டாய். சாமுவேல் என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "சூப்பர் சார். அதுவும் அம்மாவோட அந்தப் பேச்சு, கண்ணுல தண்ணி வந்துடுச்சு. எப்டி சார் எடுத்தீங்க" என்றார். நன்றி என்றேன். வேறு என்ன சொல்வேன்.

மீதியை உன் மாமாதான் பிறகு சொன்னார். அந்தக் கடைசி மாதத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. என்று சொல்லிவிட்டுப் போனாய். கல்யாணச் செலவுக்குப் பையன் உழைக்கிறான் என்று நான் சாப்பாடு கட்டிக் கொடுத்தேன். நீ போனது குன்றத்தூருக்கு, உன் சித்தப்பா வீட்டுக்கு. பதினோரு டேப். அந்தக் கேமராவை இணைத்து டேப்பை ஓடவிட்டுத்தான் கம்ப்யூட்டருக்குள் ஏற்ற முடியும். ஒரு மணி நேர டேப்புக்கு ஒரு மணி நேரம் ஆகும், அவசரப்படுத்த வழியில்லை. பதினோரு மணி நேரம் நீயும் அவனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து உன் அம்மாவைக் கேட்டிருக்கிறீர்கள். நான் கட்டிக் கொடுத்த தயிர்சாதத்தை அங்கே உட்கார்ந்து சாப்பிட்டாயா? கல்யாணத்துக்கு வரச்சொல்லி நீ கூப்பிட்டிருக்கிறாய், "அண்ணன் கூப்புடாம நான் வர்றது நல்லாருக்காதுப்பா" என்று அவன் மறுத்திருக்கிறான். அவனுக்கு இருந்த அந்த மரியாதைகூட உனக்கு இல்லை. இப்போது வீடும் அவன் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி எடுத்திருக்கிறாய். தண்ணீர் நல்ல தண்ணீர் என்று காரணம் சொன்னாய்.

உனக்குக் கல்யாணப் புத்திமதி என்று நான் எதுவும் சொல்லவில்லை, மண்டபத்தில் சொல்லும் நிலையில் நான் இல்லை. இப்போது சொல்கிறேன், ஒன்றுதான். பிடிக்காததைப் பிடித்திருக்கிறது என்று சொல்லாதே. ஷாலினி வைத்த குழம்பாக இருந்தாலும் சரி, அவள் எடுத்த முடிவாக இருந்தாலும் சரி. அன்றைக்கு என் முகத்தைப் பார்த்து, "இதை நான் போட மாட்டேன்பா, எனக்கு அம்மா குரல் வேணும்" என்று நீ சொல்லியிருந்தால் நான் கத்தியிருப்பேன். இரண்டு நாள் சாப்பிட்டிருக்க மாட்டேன். அவ்வளவுதானே. கத்துகிற மனிதனுக்குப் பயந்து அவனுக்குத் தெரியாமல் காரியம் செய்வது அவனைச் செத்தவனாகக் கணக்கில் வைப்பதற்குச் சமம். உன் அம்மாவும் என்னிடம் பல விஷயத்தை அப்படித்தான் மறைத்தாள். நீ அதை அவளிடமிருந்து கற்றுக்கொண்டிருக்கிறாய். மறைக்க வைத்தது யார் என்று நீ கேட்பாய். கேள்.

அந்தக் கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்தால் விசாரணைக் கதையையும் முழுதாக எழுத வேண்டியிருக்கிறது. உனக்கு நான் எப்போதும் பாதிதான் சொன்னேன். ஒவ்வொரு ஷிப்டும் தொடங்கும்போது, தகடு அடிக்கும் பிரஸ்ஸிலிருந்து வரும் முதல் பீஸை இன்ஸ்பெக்ஷனுக்குக் கொண்டுவந்து அளந்து, அட்டையில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் லைனை ஓட்ட வேண்டும். லைன் சூப்பர்வைசர் அவன், கையெழுத்துப் போடுகிறவன் நான். அன்றைக்கு அட்டையை மட்டும் கொண்டுவந்து, "டூல் மாத்தல அண்ணே, நேத்து அளவுதான், போட்டுடு" என்றான். தம்பி சொல்கிறான் என்று போட்டேன். முந்தின ஷிப்டில் பிரஸ்ஸின் அச்சான அந்த டூலை மாற்றியிருந்தார்கள், அவனுக்குத் தெரியாது. ஒரு ஷிப்டின் சரக்கு மொத்தமும் திரும்பி வந்தது. விசாரணையில் "அளக்கல சார்" என்று சொன்னவன், அதே மூச்சில், "நான்தான் அளக்க வேணாம்னு சொன்னேன், தப்பு என்னுது" என்றும் சொன்னான். அவனைப் பத்து நாள் சஸ்பெண்ட் செய்தார்கள். நான் உன்னிடம் முதல் வாக்கியத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிட்டேன். அளக்காமல் கையெழுத்துப் போட்டது என் கை. அவன் பொய் சொல்லியிருந்தால் இன்றைக்கும் எனக்குத் தம்பியாக இருந்திருப்பான். நான் எதிர்பார்த்தது அதைத்தான்.

நீ கேட்ட வீடியோக்களை இந்த ஆறு நாளில் முதல் தடவையாகச் சத்தத்தோடு பார்த்தேன். எடுத்த பிறகு நான் அவற்றைத் திறக்கவே இல்லை, உன் படத்துக்காக இம்போர்ட் செய்தபோதுகூட அந்த ஃபோல்டரைத் தாண்டித்தான் போனேன். பெரும்பாலும் சின்னச் சின்ன வீடியோக்கள். நர்சம்மாவோடு சண்டை போடுகிறாள், உனக்குச் சட்டை வாங்க வேண்டும் என்கிறாள், தூங்குகிறாள். இருபத்தொன்பதாவது வீடியோ கடைசி வாரத்தில் எடுத்தது. கஞ்சி குடித்துவிட்டு டம்ளரை என்னிடம் நீட்டுகிறாள். நான் ஒரு கையால் வாங்கிக்கொண்டு மறு கையால் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

"உங்க தம்பிக்குச் சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"இன்னா சொன்னாரு?"

"வேல கீதாம். வரமுடியாதாம்."

ஜன்னல் பக்கம் பார்க்கிறாள். கேமரா அவள் கன்னத்தை மட்டும் பிடித்திருக்கிறது. பிறகு சொல்கிறாள்: "ஷிப்டு மாத்திக் குடுத்திருக்க மாட்டாங்க. இல்லன்னா வராம இருக்கற ஆளா அவரு. நீங்க அத வேற மனசுல வெச்சுக்காதீங்க."

நான் அவனுக்குச் சொல்லவே இல்லை, பிரபு. அவளுக்கு உடம்பு முடியவில்லை என்பதையே அவனுக்குப் போகவிடவில்லை. உறவுக்காரர்களிடமும், ஏன், உன்னிடமும், அவனிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினேன். நீ அந்த ஒரு வார்த்தையைக் காப்பாற்றினாய். அதற்காக அவன் உன்னை என்ன கேட்டான், நீ என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரியாது. அவன் சுடுகாட்டு வாசலுக்கு வந்து வெளியே நின்றதை நான் பார்த்தேன். பார்க்காததுபோல உள்ளே போனேன்.

நேற்று அந்த வீடியோவை எடிட் செய்கிற சாஃப்ட்வேருக்குள் கொண்டுபோனேன். ஓரத்தைப் பிடித்து இழுத்தால் போதும், அந்தப் பேச்சு முழுதும் இருக்கிற முதல் நாற்பது நொடி போய்விடுகிறது. மீதி இருப்பது ஜன்னலைப் பார்க்கும் ஒரு பெண்ணும், டம்ளரைக் கீழே வைக்கிற சத்தமும். யாருக்கும் சந்தேகம் வராது. வேலை தெரிந்தவன் நான், வெட்டிய இடம் தெரியாமல் வெட்டுவேன். அப்படியே சேமித்தும் வைத்தேன். இன்று காலையில் அதை அழித்துவிட்டு, போனிலிருந்து முப்பத்தொன்றையும் நேராக ஒரு ஹார்டு டிஸ்க்கில் ஏற்றியிருக்கிறேன். எந்த சாஃப்ட்வேர் வழியாகவும் போகவில்லை. பெயர் மாற்றவில்லை, தேதி மாற்றவில்லை, போன் கொடுத்த நம்பரோடு இருக்கின்றன. இந்தக் கடிதத்தோடு உன் மாமா கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

இதனால் நீ செய்தது சரி என்று ஆகிவிடாது. முன் வரிசையில் என்னை அப்படி உட்கார வைத்ததை நான் மறக்கப் போவதில்லை, மன்னித்துவிட்டேன் என்று இந்தக் கடிதத்தை வைத்து யாரிடமும் சொல்லாதே. நீ என்னிடம் மறைத்தது ஒரு மாதம், நான் மறைத்தது மூன்று வருடம் என்று கழித்துப் பார்த்துக் கணக்கை நேர் செய்யவும் முடியாது. உனக்கும் என்மேல் கோபம் வரும், வரட்டும். முதலில் நீ தனியாகப் பார். பிறகு இருபத்தொன்பதாவதை மட்டும் உன் சித்தப்பா வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போ. அண்ணி முடியாமல் கிடந்தது தெரிந்தும் தான் வராமல் இருந்துவிட்டதாக அவள் நினைத்துக்கொண்டே போயிருப்பாளோ என்று அவன் உன் மாமாவிடம் கேட்டிருக்கிறான். இல்லை என்று நான் சொன்னால் அவன் நம்ப மாட்டான், நம்பவும் வேண்டாம். அவளே சொல்கிறாள். சத்தத்தைக் கூட்டி வை, அந்த இடத்தில் அவள் குரல் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

அப்பா